காசியில் விட்ட பலாப்பழம்

ஆசையைப் பற்றி முப்பத்தொரு வருடம் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கியவன் நான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி, அதில் தத்துவத் துறை. பி.காம். கிடைக்காமல், பி.எஸ்சி. கிடைக்காமல், கடைசியில் வரலாறும் கிடைக்காமல் எங்களிடம் வந்து விழுந்த பிள்ளைகள்தான் என் மாணவர்கள். இரண்டாம் ஆண்டில் அவர்களுக்குப் பழைய தத்துவம், மூன்றாம் ஆண்டில் புதிய தத்துவம். இரண்டாம் ஆண்டில் ஆசையை விடு என்று சொல்லிக்கொடுப்பேன். மூன்றாம் ஆண்டில், அப்படி ஒன்றும் அவசரமில்லை, ஆசைக்கும் ஒரு ஞாயம் இருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பேன். பரீட்சையில் பையன்கள் இரண்டையும் கலந்துகட்டி எழுதிவைப்பார்கள். நானும் பாஸ் போட்டுவிடுவேன். ஊரில் எல்லோரும் கலந்துகட்டித்தான் வாழ்கிறார்கள், பரீட்சைத் தாளில் மட்டும் அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, போன ஆனி மாதத்தில், இந்தப் படிப்பெல்லாம் முதல்முறையாக ஒரு வீட்டுக் காரியத்துக்குத் தேவைப்பட்டது. அம்மா படுத்துவிட்டாள்.

அம்மாவுக்கு எண்பத்துநாலு வயது. அப்பா காலமான பிறகு டவுணில் ரத வீதிக்குப் பின்னால் என்னோடும் என் மனைவியோடும் இருந்தாள். ஒரு காய்ச்சல் வந்து போனது, போகும்போது பசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கஞ்சியை ஸ்பூனில் கொடுத்தால் பாதியைக் கடைவாயில் வழியவிட்டு, "போதும் தாயீ" என்று என் மனைவியிடம் சொல்லுவாள். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே பத்தியம் ஒண்ணும் வேண்டாம் சார். என்ன ஆசைப்படுதாங்களோ அதைக் குடுங்க" என்றார். ஆசையை விடு என்று நான் சொன்ன வருடங்களையெல்லாம் அந்தப் பெண் ஒரே வரியில் மூட்டை கட்டிவிட்டுப் போனாள். எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

அது ஒரு திங்கட்கிழமை. அன்று சாயங்காலமே நான் கட்டிலில் உட்கார்ந்து, "என்னம்மா வேணும், எது வேணும்னாலும் சொல்லு" என்று கேட்டேன். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏலே, பலாச்சுளை ஒண்ணு கெடைக்குமா?"

என் மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். நான் வாயைத் திறந்து, சரி என்றும் சொல்லாமல் முடியாது என்றும் சொல்லாமல் திரும்ப மூடிக்கொண்டேன். ஏனென்றால் அம்மா பலாப்பழத்தைக் காசியில் விட்டவள்.

காசிக்குப் போகிறவர்கள், போகிற போக்கில் கயாவில் ஆலமரத்தடியில் உட்கார்ந்து, தங்களுக்குப் பிடித்த ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை என்று விட்டுவிட்டு வருவது வழக்கம். கயாவில் விட்டாலும் ஊருக்கு வந்து காசியில் விட்டேன் என்றுதான் சொல்லுவோம். விட்டதைச் சாகும் வரை தொடக் கூடாது. முப்பத்துநாலு வருடத்துக்கு முன்னால் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா விவரமான ஆள். எதை விடுவது என்று டவுண் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டார். தனக்குப் பாகற்காய், அம்மாவுக்குச் சீத்தாப்பழம். பாகற்காயை அப்பா அதற்கு முன்பும் தொட்டதில்லை. அம்மாவுக்குச் சீத்தாப்பழத்தின் கொட்டையைத் துப்பவே சோம்பல். மோட்சமும் கிடைக்கும், நாக்குக்கும் நட்டமில்லை. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் காசியிலிருந்து புண்ணியவான்களாகத் திரும்பி வந்தார்கள். கயாவில் அந்த ஆலமரத்தடியில் எங்கள் ஊர்க்காரர்கள் விட்டுவிட்டு வந்த பாகற்காயை மட்டும் சேர்த்துவைத்தால் ஒரு லாரி தேறும்.

ஆனால் மரத்தடியில் உட்கார்ந்ததும் அம்மா பலாப்பழம் என்று சொல்லிவிட்டாள். பலாப்பழம் என்றால் அவளுக்கு உயிர். சாரல் காலத்தில் முழுப் பழத்தையும் முன்னால் போட்டுக்கொண்டு, யாருக்கும் கொடுக்க மனசில்லாமல் எங்களுக்கு ஆளுக்கு இரண்டு சுளை எண்ணிக் கொடுப்பாள். அப்பா திரும்பி வருகிற ரயிலில் இட்டார்சி வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே வந்தாராம். "இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து, அங்க போயும் பொய் சொல்லச் சொல்லுதியளே, எனக்கு நாக்கு எழும்பல" என்று அம்மா பதில் சொன்னாளாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் பலாப்பழம் வந்ததில்லை. அவளுக்கு முன்னால் வைத்துத் தின்பது பாவம் என்பது வீட்டுச் சட்டம். நாங்கள் மூன்று பிள்ளைகள். அண்ணன், நான், தங்கச்சி. எல்லோரும் வளர்ந்துவிட்டவர்கள்தான், ஆனாலும் வெளியே தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்துக் கையை மண் போட்டுத் தேய்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைவோம். அந்த வாசனை எதற்கும் மசியாது. "எங்கன போய்த் தின்னிய?" என்று அம்மா அடுப்படியிலிருந்தே கேட்பாள். கோபமாகக் கேட்கமாட்டாள். அதுதான் எங்களுக்குத் தாங்காது.

கொட்டை விஷயத்தில் மட்டும் ஒரு வழக்கு நடந்தது. பலாக்கொட்டை போட்ட அவியலை அம்மா சாப்பிடலாமா? அண்ணன் அப்போதுதான் ரெவின்யூவில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். விட்டது பழம், கொட்டை பழத்தில் சேராது என்று தீர்ப்புச் சொன்னார். நானும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்திருந்த திமிரில், ஒரு பழத்தின் சாரம் சுளையிலா கொட்டையிலா என்று அரைமணி நேரம் பேசினேன். நான் பேசி முடிப்பதற்குள் அம்மா அவியலைச் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கழுவி எங்களுக்கு அனுப்புவார்கள். முப்பத்துநாலு வருடம் ஊரார் தின்ற பழத்தின் கொட்டையைத் தின்றே என் அம்மா சத்தியத்தைக் காப்பாற்றினாள்.

இப்போது அவளே கேட்கிறாள். கொடுப்பதா, வேண்டாமா?

அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், பெருமாள்புரத்தில் வீடு. அரைமணி நேரத்தில் நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து நின்றார். "முப்பத்துநாலு வருசம் காப்பாத்தினதைக் கரை சேருத நேரத்துல கெடுக்கணுமாலே? நாளைக்கு அவளுக்கே மனசு கேக்காது. அவ நெனப்பு தடுமாறிக் கேக்கா. நெதானமா இருந்தாக் கேப்பாளா?" என்றார். அண்ணன் வாழ்நாளில் பொய் சொன்னதாகவோ கையெழுத்துப் போட்ட காகிதத்தை மாற்றியதாகவோ எனக்கு நினைவில்லை. அதனாலேயே அவருக்கு ஆறு தடவை மாறுதல் வந்தது.

தங்கச்சி பெங்களூரில் இருக்கிறாள். மனசு சரியில்லாதவர்களுக்குப் போனில் ஆலோசனை சொல்வது அவள் வேலை. வீடியோவில் வந்தாள். "அண்ணே, அவங்க உடம்பு அவங்களோடது. அவங்களுக்கு என்ன வேணும்னு முடிவு பண்ண நீங்க ரெண்டு பேரும் யாரு? இந்த நிமிசத்துல அவங்களுக்கு எது சந்தோசமோ அது போதும்" என்றாள். இந்த நிமிடத்தில் வாழச் சொல்கிற அவளுக்கு அந்த நிமிடம் இன்னொருவர் லைனில் காத்திருந்தார், வைத்துவிட்டாள்.

அவள் வைக்கும் முன்னாலேயே இருவரும் என் கருத்தைக் கேட்டிருந்தார்கள். படித்தவன் அல்லவா. "ரெண்டு பக்கமும் ஞாயம் இருக்கு" என்றேன். எங்கள் துறையின் தேசிய கீதம் அது. என் மனைவி அடுப்படியிலிருந்து, "கேட்டவளுக்கு வாங்கிக் குடுக்கதுக்கு இத்தனை ஆம்பிளையளா?" என்றாள். அதை ஒரு வாதமாக நாங்கள் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் சந்திப் பிள்ளையார் முக்குக்குப் போனேன். வண்டியில் ஒருவர் பழத்தை உரித்துச் சுளையாக இலையில் பரப்பி வைத்திருந்தார். மஞ்சள் மஞ்சளாக, ஈ கூட மொய்க்காத புதுச் சுளை. "சாப்பிட்டுப் பாருங்க அண்ணாச்சி, தேன்" என்றார். நான் சுளையைப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் சாய்த்துவைத்திருந்த முழுப் பழத்தைப் பார்த்தேன். அது காயாக இருந்தது.

"இது பழுக்க எத்தனை நாளாகும்?"

"மூணு நாள்ல வாசம் வந்துரும். இப்பமே திங்கணும்னா சுளையா வாங்கிட்டுப் போங்களேன்."

முழுப் பழத்தைத்தான் வாங்கினேன். ஏன் என்று இன்றைக்கு வரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். சுளையாக வாங்கினால் அன்றைக்கே முடிவெடுத்தாக வேண்டும். காயாக வாங்கினால் யோசிக்க மூன்று நாள் கிடைக்கும். வாங்கிக் கொடுக்கிற பிள்ளையாகவும் இருக்கலாம், சத்தியத்தைக் கெடுக்காத பிள்ளையாகவும் இருக்கலாம். முப்பத்தொரு வருடம் தத்துவம் படிப்பித்த மூளையைத் தவிர வேறு எந்த மூளைக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது. ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பழத்தை அரங்கு வீட்டில், அதாவது நாங்கள் அரிசி மூட்டை வைக்கிற உள்ளறையில், சாக்குப் போட்டு மூடி வைத்தேன். "வாங்கிட்டு வந்தியாலே?" என்று அம்மா கேட்டாள். "வந்துட்டேம்மா, பழுக்கணும்" என்றேன். "பழுத்ததா வாங்கப்பிடாதா" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "சரி, பைய பழுக்கட்டும். எனக்கு என்ன ஆபீசா?"

புதன்கிழமை முழுக்க நான் யோசித்தேன். பழைய ஆட்களில் எனக்கு எப்போதும் சமணர்களிடம்தான் பயம். நம் பக்கத்துப் பாறைகளில் படுக்கை வெட்டிப் படுத்து, சோறு தண்ணியை விட்டு உயிரையும் விட்டவர்கள். கல்லில் படுத்தவனுக்கு வாழ்க்கைமேல் ஆசை போனதில் என்ன ஆச்சரியம் என்று வகுப்பில் சொல்லிப் பையன்களைச் சிரிக்கவைத்திருக்கிறேன். பௌத்தர்கள் துக்கத்துக்கு வேர் ஆசை என்றார்கள். வேரைக் கிள்ளினால் பலாமரமும் போய்விடுமே என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. நம்ம சைவ சித்தாந்திகள் ஆசாபாசத்தையெல்லாம் உயிரைக் கட்டிய கயிறு என்றார்கள். எங்கள் சொந்தக்கார ஆண்கள் அதைக் கோயில் மண்டபத்தில் கேட்டுத் தலையாட்டுவார்கள். வீட்டுக்கு வந்து சொதியில் தேங்காய்ப்பால் குறைந்திருந்தால் இலையைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார்கள். உலகாயதர்கள்தான் நேராகப் பேசினார்கள். செத்த பிறகு ஒன்றுமில்லை, இருக்கும்போதே தின்னு என்றார்கள். ஆனால் அவர்கள் எழுதியதாக ஒன்றும் மிச்சமில்லை, எதிராளிகள் திட்டியதிலிருந்துதான் அவர்களைத் தெரிந்துகொள்கிறோம். தின்ற களைப்பில் எழுத மறந்து தூங்கிவிட்டார்கள் போல.

புதிய ஆட்களும் உதவவில்லை. இன்பத்தைத் தராசில் வைத்து நிறுக்கிற வெள்ளைக்காரர்களைக் கூப்பிட்டேன். ஒரு தட்டில் அம்மாவின் நாக்குக்கு ஒரு சுளை. இன்னொரு தட்டில் அண்ணன் காலம் முழுக்கப் படப்போகிற மனக்கஷ்டம். முள் ஆடிக்கொண்டே இருந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்று, என்ன ஆகும் என்று பார்க்காதே என்று ஒரு கட்சி உண்டு. அண்ணன் அவர்களை ஒரு வரி படிக்காமலே அந்தக் கட்சியில் மாவட்டச் செயலாளர். உன் வாழ்க்கைக்கு நீயே பொருள் கொடுத்துக்கொள் என்று காபிக்கடையில் உட்கார்ந்து சொன்ன பிரெஞ்சுக்காரர்களும் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் அப்படி உட்கார்ந்திருந்தபோது அவர்களுடைய அம்மாக்களை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்தார். அரங்கு வீட்டுக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அம்மா மூக்கை உறிஞ்சி, "ஏய்யா, வாசம் வருதே" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "எங்க ஆச்சி வீட்டுல இருந்து எங்க மாமா ஒரு பழம் தூக்கிட்டு வந்தாக பாத்துக்க, ரெண்டு ஆளு தூக்குத பழம்" என்று ஆரம்பித்துக் கால்மணி நேரம் பேசினாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். என் மனைவி அரங்கு வீட்டுக்குப் போய்ப் பழத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் கல்லு மாதிரி இருக்கு. கடையில போய்ச் சுளை வாங்கிட்டு வாங்க" என்றாள். "ரெண்டு நாள்தானே" என்றேன்.

வியாழக்கிழமை வாசனை வீடு முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தூங்கிக்கொண்டே இருந்தாள். நான் அதை நல்லதற்கு என்றே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என் மனைவியிடம் போய், "தேங்காய் எண்ணெய் எங்க இருக்கு?" என்றார். கையிலும் அரிவாளிலும் எண்ணெயைத் தடவிக்கொண்டு அரங்கு வீட்டுக்குள் போய்ப் பழத்தைப் பிளந்தார். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு அரங்கு வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னண்ணே" என்றேன்.

"பாவம்னா எனக்கு வரட்டும்லே. ரெண்டு நாளா எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல" என்றார். வெள்ளை வேட்டியில் பிசின் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவரை அவரைப் பற்றி நான் நினைத்திருந்த எல்லாவற்றுக்கும் எனக்கு வெட்கமாக இருந்தது. யோசிக்கத் தெரியாதவர் என்று நான் நினைத்திருந்த மனிதர் தன் முடிவை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். யோசிப்பதையே தொழிலாக வைத்திருந்தவன் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

என் மனைவி ஒரு சுளையை நார் எடுத்து மசித்து ஸ்பூனில் கொண்டுவந்தாள். அண்ணன் அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்தார். அம்மா கண்ணைத் திறந்து ஸ்பூனைப் பார்த்தாள். எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். முகத்தைப் பைய அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம்யா."

"நீதானம்மா கேட்ட. காசியில விட்டதுன்னு பாக்கியா? அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அண்ணன்.

"காசி என்ன காசி. அன்னைக்கு வேணும்னு இருந்துச்சு. இப்பம் ஒண்ணும் வேணும்னு இல்ல."

கோபமில்லை, வருத்தமில்லை, சத்தியத்தைக் காப்பாற்றிய பெருமையும் இல்லை. அதற்குப் பிறகு ஐந்து நாள் இருந்தாள், எதையும் கேட்கவில்லை. ஆசையற்ற நிலை, ஆசையற்ற நிலை என்று கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதியிருப்பேன். உலகத்தின் பாதி ஞானிகள் வீட்டை விட்டு ஓடியது அதற்காகத்தான். அதை அன்றைக்கு எங்கள் வீட்டுக் கட்டிலில், இரண்டு கை தூரத்தில் பார்த்தேன். அவளைப் பிடித்து உலுக்கி, எதையாவது கேளம்மா, சண்டை போடு, ஆளுக்கு இரண்டு சுளை என்று எண்ணிக் கொடு என்று கத்த வேண்டும்போல் இருந்தது. செவ்வாய்க்கிழமை வண்டிக்காரரின் இலையில் இருந்த சுளைகளில் ஒன்று போதும். நான் அதைக் கையால் எடுத்துக் கொண்டுவந்திருக்கலாம்.

நாங்கள் நின்ற நிலையைப் பார்த்து அம்மாவுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"நீங்க தின்னுங்க. என் முன்னாலயே தின்னுங்க. நான் பாக்கேன்" என்றாள்.

அண்ணன் ஒரு சுளை எடுத்தார், நான் ஒரு சுளை எடுத்தேன். சின்னப் பிள்ளைகள் மாதிரி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தின்றோம். சாறு முழங்கை வரை வழிந்தது. என் வாழ்நாளில் அப்படித் தித்திக்கிற ஒரு பழத்தை நான் தின்றதில்லை.

"இனிக்குதாலே?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. சப்புனு இருக்கு" என்றேன்.

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் வாய் நிறையப் பழத்தோடு, கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்காமல், "ஆமாம்மா. சப்புனுதான் இருக்கு" என்றார்.

"அப்பம் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.